அரிசி ட்ரம்முக்குள் ஒரு ஜோடி ஷூ

ஷூவைத் தரையில் ஒரு தட்டு தட்டியதும் குதிகாலில் சிவப்பு விளக்கு எரிந்தது. சித்தீக் இன்னொரு தட்டு தட்டினார். விளக்கு மூன்று முறை சிமிட்டிவிட்டு அணைந்தது.

"பாத்தியா தங்கச்சி? பேட்டரியே மாத்த வேணாமாம். ரெண்டு மணி நேரம் நின்னு வாங்குனான் நெடுமாறன். நான் போயி டீ குடிச்சு, பேரீச்சம்பழம் வாங்கி, ஊருக்கு ஒரு போனும் போட்டுட்டு வந்து பாக்குறேன், இன்னும் அதே ஷூவத் தட்டிக்கிட்டு நிக்கிறான். கடைக்காரனே பயந்துட்டான்."

செவ்வந்தி சிரித்தாள். அவர் சிரிப்பதால் அவளும் சிரித்தாள்.

சவுதியில், தம்மாமில் அவள் கணவன் நெடுமாறனும் சித்தீக்கும் ஒரே கிடங்கில் வேலை, ஒரே அறையில் படுக்கை. சித்தீக் விடுப்பில் அதிராம்பட்டினம் வந்து நான்கு நாள் ஆகிறது. மகளின் பிறந்தநாளுக்கு நெடுமாறன் கொடுத்துவிட்ட பெட்டி வந்திருக்கிறது என்று தகவல் சொன்னதும், புதன்கிழமை காலையில் எழில்மொழியைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, கிராமத்திலிருந்து மன்னார்குடி, பட்டுக்கோட்டை, அங்கிருந்து இன்னொரு பஸ் என்று மாறி மாறி வந்து சேர்ந்திருந்தாள்.

பாயின் மேல் பெட்டி திறந்து கிடந்தது. ஒரு டின் சாக்லேட். வாசனை பவுடர். தலையில் மாட்டும் பட்டாம்பூச்சி கிளிப் ஒரு அட்டை நிறைய. ரோஸ் கலரில் ஒரு கவுன், மார்பில் ஜிகினாப் பட்டாம்பூச்சி. அதன் கழுத்தில் தொங்கிய அட்டையில் 9–10 என்று போட்டிருந்தது. ஷூவின் வயிற்றுக்குள் ஒரு காகிதம் சுருட்டி வைத்திருந்தார்கள். நெடுமாறனின் சாய்ந்த கையெழுத்து: 'எழில் குட்டிக்கு. ஓடும்போது விளக்கு எரியும். அப்பா.'

சித்தீக்கின் மனைவி சுமையா கவுனை எடுத்துத் தோள் பிடித்து விரித்துப் பார்த்தாள்.

"மகளுக்கு இப்ப என்ன வயசு?"

"வெள்ளிக்கிழமையோட பதிமூணுக்கா."

சுமையா கவுனை மடித்தாள். அதை மடிக்க அவ்வளவு நேரம் தேவையில்லை.

"இந்த ஆம்பளைங்களுக்கு அளவு எங்க தெரியுது? போன தடவ உங்க அண்ணன் எனக்கு ஒரு அபாயா வாங்கியாந்தாரு. அதுக்குள்ள நானும் என் தங்கச்சியும் சேந்து நொழையலாம், இன்னும் ஒரு ஆளுக்கு எடம் இருக்கும்."

"காத்தாட இருக்கட்டும்னு வாங்குனேன்" என்றார் சித்தீக்.

"ஆமா, பாய்மரக் கப்பல்."

அவர்கள் இருவரும் பேசிக்கொண்டிருக்க, செவ்வந்தி ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நெடுமாறனுக்கு அளவு தெரியாதது நெடுமாறன் குற்றமில்லை. அது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

நெடுமாறன் ஊரைவிட்டுப் போய் மூன்றரை வருடம். முதல் இரண்டு வருடம் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. வெள்ளிக்கிழமை அவனுக்கு விடுமுறை. மத்தியானத்துக்கு மேல் வீடியோவில் வருவான். எழில் போனைத் தூக்கிக்கொண்டு வீட்டையும் வயலையும் கன்றுக்குட்டியையும் காட்டுவாள். பதினொன்று முடிந்தபோது அவளுக்கு ஒரேயடியாக உயரம் கூடியது. முகத்தில் பரு வந்தது. கேமராவைக் கண்டால் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள். "போட்டோ எடுக்காத, நான் அசிங்கமா இருக்கேன்" என்றாள். பன்னிரண்டாவது பிறந்தநாளுக்கு வருகிறேன் என்று நெடுமாறன் சொல்லியிருந்தான். கம்பெனியில் விடுப்பு கொடுக்கவில்லை. கடையில் வாங்கிய கேக்கை எழில் வெட்டவே இல்லை, அது எறும்பு மொய்த்து வீணாகப் போனது. அன்றோடு பேச்சும் நின்றது. "வர்றப்ப பேசிக்கிறேன்னு சொல்லு" என்றாள். அவன் கூப்பிடும்போதெல்லாம் செவ்வந்தி, எழில் டியூஷன் போயிருக்கிறாள், குளிக்கிறாள், தூங்குகிறாள் என்று ஏதாவது சொன்னாள்.

"சரி, ஒரு போட்டோவாவது அனுப்பு" என்று கேட்டான் அவன்.

முதல் தடவை வேறு வழி தெரியாமல்தான் அனுப்பினாள். போனில் கிடந்த பழைய படம், நெடுமாறன் சவுதி போன வருஷம் திருவையாற்றில் எடுத்தது. அவன் பத்து இதயப் படம் போட்டான். அடுத்த வாரமும் கேட்டான். அவளிடம் பழைய படங்கள் நிறைய இருந்தன. சீருடையில் ஒன்று, கோயிலில் ஒன்று, கன்றுக்குட்டியோடு ஒன்று என்று வாரம் ஒன்றாக எடுத்து அனுப்பினாள். ஒருமுறை, "கீத்துக் கொட்டாய இன்னும் பிரிக்கலையா? தகரம் போட்டாச்சுன்னு சொன்ன?" என்று கேட்டுவிட்டான். அதன்பிறகு பின்னால் தெரிவதையெல்லாம் வெட்டிவிட்டு ஆளை மட்டும் அனுப்பினாள். இரண்டு மாதத்துக்கு முன் அவன் எழுதியிருந்தான்: 'புள்ள வளரவே மாட்டேங்குது. ஒழுங்கா சோறு போடுறியா இல்லையா?' அதைப் படித்து அன்று அவள் சிரித்தாள். அப்புறம் அதை மறுபடி படித்தாள்.

அந்த நினைப்பை உதறுவதுபோல் எழுந்த செவ்வந்தி, சுமையாவின் அடுப்படியிலிருந்து வந்த வாசனையில் நின்றாள். சுமையா வீட்டிலேயே ஆர்டருக்குக் கேக் செய்கிறவள். அலமாரியில் நான்கு கேக் ஆறிக்கொண்டிருந்தது.

"அக்கா, இத வீட்டு அடுப்புல செய்யலாமா? எங்க வீட்ல ஓவன் எல்லாம் கெடையாது. எழில் கடைக் கேக்க தொட மாட்டேங்குறா, டால்டா வாசனை வருதாம்."

"நானும் குண்டான்லதான் ஆரம்பிச்சேன். கனமான குண்டானா எடு. அடியில ரெண்டு விரல் ஒசரத்துக்குக் கல் உப்பப் பரப்பு. மேல ஒரு கம்பி ஸ்டாண்டு. மூடிப் போட்டு நல்லா சூடேத்திட்டு, அப்பறம் கேக்கு டின்ன உள்ள வை. டின்னு நான் தர்றேன்." சுமையா மைதா, சர்க்கரை, முட்டை, எண்ணெய் என்று கணக்குச் சொன்னாள். பேக்கிங் பவுடரைக் கொஞ்சம் பொட்டலம் கட்டி, வெனிலா எசென்ஸைச் சின்னப் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தாள். "அடுப்பு சிம்லயே இருக்கணும். நாப்பது நிமிஷம். நடுவுல மூடியத் தொறக்கக் கூடாது. வீட்டுக்குத் தீப்பிடிச்சாலும் தொறக்கக் கூடாது."

"தொறக்காம எப்படித் தெரியும், வெந்துச்சான்னு?"

"வாசனை வரும். வர்ற வரைக்கும் வேற வேலையப் பாரு. உனக்கு அதுதான் கஷ்டம்னு நெனைக்கிறேன். வந்ததுலேருந்து எட்டுத் தடவ எந்திரிச்சு உக்காந்துட்ட."

திரும்பும் பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். வண்டி பள்ளத்தில் ஏறி இறங்கும்போதெல்லாம் உள்ளே ஷூ தன்பாட்டுக்கு எரிந்து எரிந்து அணைந்தது. அட்டையின் இடுக்கில் அந்தச் சிவப்பு தெரிந்தது. முன் இருக்கைக்காரர் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்ததும் சாக்லேட்டையும் பவுடரையும் பீரோவில் வைத்தாள். கவுன், ஷூ, கிளிப் மூன்றையும் ஒரு பாலிதீன் பையில் கட்டினாள். அதை எங்கே வைப்பது? பீரோவை எழில் திறப்பாள். பரணில் ஏறி எதையாவது தேடுவாள். கட்டிலுக்கு அடியில் புத்தகம் போட்டு வைத்திருக்கிறாள். மூன்று இடத்தில் வைத்து மூன்று முறை எடுத்தாள். கடைசியில் அரிசி ட்ரம்மின் மூடியைத் திறந்து, முழங்கை வரை கையை விட்டு அரிசியை ஒதுக்கி, பையை நட்டு மூடினாள். அரிசி எடுப்பது எப்போதும் அவள் வேலை.

என்ன செய்யப் போகிறோம் என்று பஸ்ஸிலேயே முடிவு செய்திருந்தாள். நாளைக்கு மன்னார்குடியில் வேறு ஏதாவது நல்லதாக வாங்குவது. அதை அப்பா அனுப்பியதாகக் கொடுப்பது. அப்பாவுக்குத் தன்னைத் தெரிகிறது என்று எழிலுக்குத் தோன்றிவிட்டால் அன்றைக்காவது பேசுவாள். ஒரு தடவை பேசிவிட்டால் போதும். ஒரு வருடம் எந்த மாதிரிப் போனது என்று யாரும் யாரையும் கேட்க வேண்டியிருக்காது.

வியாழக்கிழமை தூறல். வயலில் நடவு முடிந்து இருபது நாள் ஆன சம்பாப் பயிர் தலை தெரிய நின்றது. அதைப் பார்த்துவிட்டு, சேற்றுக் காலைக் கழுவிக்கொண்டு மன்னார்குடிக்குப் போனாள்.

துணிக்கடையில் விற்பனைப் பெண் நான்கு சுடிதாரை விரித்தாள்.

"என்ன சைஸ்க்கா?"

செவ்வந்திக்குச் சட்டென்று சொல்ல வரவில்லை. கையைத் தன் தோள் உயரத்தில் வைத்துக் காட்டினாள். பிறகு காதுக்கு உயர்த்தினாள். நேற்றுக் காலையில் எழில் வாசலில் நின்று ஷூ லேசைக் கட்டிவிட்டு நிமிர்ந்தபோது யாருடைய தலை மேலே இருந்தது என்று யோசித்தாள். கையை இன்னும் உயர்த்தினாள்.

"அளவுத் துணி கொண்டாரலையா?"

"இல்லம்மா. பள்ளிக்கூடத் துணி தைக்கக் குடுத்துருவோம். தீபாவளிக்கு அவளே சிநேகிதியோட வந்து எடுத்துக்கிட்டா."

"அப்ப அவங்களையே கூட்டிட்டு வாங்கக்கா. இந்த வயசுல நாம எடுத்தா அவங்களுக்குப் பிடிக்கவா போவுது? எங்கம்மா எடுத்துக் குடுத்தத நான் இன்னும் பிரிக்கவே இல்ல."

செவ்வந்தி அங்கிருந்து நகர்ந்தாள். செருப்புக் கடைக்குப் போனால் அங்கேயும் அளவு. ஒரு பேனா செட்டைப் பார்த்தாள், பள்ளிக்கூடத்தில் பரிசு கொடுப்பதுபோல் இருந்தது. ஹேண்ட்பேக்கைத் தோளில் மாட்டிப் பார்த்தாள், கல்லூரிப் பெண்களுக்கானதுபோல் இருந்தது. டெடி பொம்மை, சின்னது. கம்மல், பெரியது. எதை எடுத்தாலும் அது ஒரு வயது முந்தியோ பிந்தியோ நின்றது. தன் மகள் எந்த வயதில் நிற்கிறாள் என்று தனக்கும் தெரியவில்லை என்பது தெப்பக்குளக் கரையில் நடந்துகொண்டிருக்கும்போது அவளுக்கு உறைத்தது. நெடுமாறனாவது மூவாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறான்.

கடைசியில் ஒரு கைக்கடிகாரம் வாங்கினாள். கறுப்பு வார். எந்தக் கைக்கும் வாரில் ஓட்டை இருக்கும் என்பதுதான் காரணம். வீட்டுக்கு வந்து, சவுதி அட்டைப்பெட்டியின் பழுப்பு டேப்பைக் கிழியாமல் உரித்தெடுத்து, கடிகாரப் பெட்டியைச் சுற்றி ஒட்டினாள்.

வெள்ளிக்கிழமை விடிவதற்குள் மழை வலுத்தது. எழில் பள்ளிக்கூடம் போய்விட்டு மாலையில் வருவாள், அதற்குள் கேக்கைச் செய்து முடித்துவிடலாம் என்று செவ்வந்தி போட்டிருந்த கணக்கு ஆறரை மணிக்கே கலைந்தது. டிவியில் கீழே ஓடிய எழுத்தைப் பார்த்துவிட்டு எழில் போர்வைக்குள்ளிருந்தே சொன்னாள்.

"கலெக்டர் லீவு விட்டுட்டாரு."

"எல்லாப் பள்ளிக்கூடத்துக்குமா?"

"உனக்கு என்னம்மா, நான் போகணும்னு அவ்ளோ ஆசையா?" திரும்பிப் படுத்து, உடனே தூங்கிப்போனாள்.

செவ்வந்தி அடுப்படியில் நின்று யோசித்தாள். இவள் எழ ஒன்பது மணியாகும். குண்டானில் உப்பைப் பரப்பினாள். மாவைச் சலித்தாள். முட்டை அடிக்க மிக்ஸி போட்டால் சத்தம் கேட்கும் என்று கரண்டியாலேயே அடித்தாள். கை ஓய்ந்து போனது. டின்னை உள்ளே வைத்து மூடிவிட்டு, சிம்மில் விட்டுவிட்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

பத்து நிமிஷம் ஆனது. கொல்லையில் போய் மழையைப் பார்த்தாள். பயிருக்கு மேல் தண்ணீர் ஏறியிருக்குமோ என்று குடை பிடித்துக்கொண்டு வரப்பு வரைக்கும் ஓடினாள். வடிகால் மடையை மண்வெட்டியால் கொத்தித் திறந்துவிட்டாள். கலங்கல் தண்ணீர் வாய்க்காலில் இறங்கியதைப் பார்த்த கையோடு ஓடி வந்தாள். பதினெட்டு நிமிஷம்தான் ஆகியிருந்தது. மூடியை லேசாகத் தூக்கினாள். மாவு பொங்கி வந்திருந்தது. சந்தோஷமாக இருந்தது. மூடினாள். இரண்டு நிமிஷம் கழித்து, மூடியது சரியாக மூடவில்லையோ என்று மறுபடி தூக்கினாள். இருபத்தைந்தாவது நிமிஷத்தில் வாசனை வரவில்லையே என்று இன்னொரு தடவை.

நாற்பதாவது நிமிஷத்தில் எடுத்துப் பார்த்தபோது கேக்கின் நடுப்பகுதி உள்ளே இறங்கிக் கிடந்தது. நான்கு பக்கமும் கரை, நடுவில் பள்ளம்.

"இது என்னம்மா?"

எழில் பல் துலக்கும் பிரஷ்ஷோடு வாசல்படியில் நின்றாள். நிலைக்கும் அவள் தலைக்கும் நடுவே நான்கு விரல்தான் இடைவெளி. அதைச் செவ்வந்தி இன்றுதான் பார்த்தாள்.

"கேக்கு."

"தெப்பக்குளம் மாதிரி இருக்கு. நடுவுல மண்டபம்தான் இல்ல."

"சிரிக்காதடி. மூணு நாளா மண்டைய ஒடைச்சுக்கிட்டு இருக்கேன்."

"மூடியத் தொறந்து தொறந்து பாத்தியா?"

"ஒரே ஒரு தடவதான்."

எழில் பிரஷ்ஷை வாயிலிருந்து எடுத்துவிட்டு அம்மாவையே பார்த்தாள்.

"மூணு தடவ" என்றாள் செவ்வந்தி.

எழில் சிரித்துவிட்டாள். குளத்தின் கரையில் ஒரு விள்ளல் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு, "டேஸ்டு நல்லாத்தான் இருக்கு. இன்னொண்ணு செய். இந்தத் தடவ நான் முட்டை அடிக்கிறேன்" என்றாள். மிக்ஸியை எடுத்து வைத்தாள். கரண்ட் இல்லை. "சரி, கையாலயே அடிக்கலாம்" என்று தரையில் கால் நீட்டி உட்கார்ந்தாள். நீட்டிய கால் எதிர்ச்சுவரைத் தொட்டது.

அவள் அப்படி உட்கார்ந்து முட்டை அடித்துக் கொடுத்தது, செவ்வந்திக்கு மாதக்கணக்கில் கிடைக்காத ஒன்று. பேச்சுக்குப் பேச்சு கொடுத்தாள். சிநேகிதி ஒருத்தி மழை லீவுக்காக உப்பை வாசலில் கொட்டி வேண்டிக்கொண்ட கதையைச் சொன்னாள். செவ்வந்தி கேட்டுக்கொண்டே மாவைக் கலக்கினாள், டின்னில் ஊற்றினாள், குண்டானில் வைத்து மூடினாள். சாயங்காலம் அப்பா கூப்பிடும்போது இவள் இதே முகத்தோடு இருக்க வேண்டும் என்பது ஒன்றுதான் மனசில் ஓடியது. பக்கத்து அடுப்பில் உலை கொதித்தது.

"எழிலு, அரிசி ரெண்டு டம்ளர் எடுத்துக் களைஞ்சு போடும்மா" என்றாள்.

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று தெரிந்தது. திரும்புவதற்குள் ட்ரம்மின் மூடி திறக்கிற சத்தம் கேட்டது.

இரண்டாவது டம்ளருக்கு எழில் கையை உள்ளே விட்டாள். எதன்மேலோ டம்ளர் இடித்தது. மழை இருட்டில் கிடந்த அந்த மூலையில், அரிசிக்கு உள்ளேயிருந்து சிவப்பாக ஒன்று சிமிட்டியது. ஒன்று, இரண்டு, மூன்று.

"அம்மா, அரிசி எரியுது."

"விடு, நான் எடுக்குறேன்."

அதற்குள் எழில் பையை இழுத்துவிட்டாள். அரிசி சரசரவென்று தரையில் கொட்டியது. ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கவுனை விரித்தாள்.

"யாருக்கு இது?"

"சுமையா அக்காவோட சொந்தக்காரப் புள்ளைக்கு. சித்தீக் அண்ணன் இங்க குடுத்து வச்சிருக்காரு."

"அரிசிக்குள்ளயா?"

எழில் ஷூவுக்குள் விரலை விட்டுக் காகிதத்தை எடுத்தாள். படித்தாள். அது மூன்று வாக்கியம்தான், ஆனால் வெகுநேரம் படித்தாள்.

"ஓடும்போது விளக்கு எரியும்" என்று கடைசியில் வாய்விட்டுச் சொன்னாள். "அப்பாவுக்கு நான் இன்னும் மூணாங் கிளாஸ்தான், இல்ல?"

"எழிலு..."

"வர்றேன்னு சொல்லிட்டு வரல. சரி. எனக்கு என்ன வயசு ஆவுதுன்னுகூடவா தெரியாது? கணக்குப் போட்டுப் பாக்க மாட்டாரா? இதுக்குத்தான் நான் பேச மாட்டேங்குறேன். என்னைய மறந்துட்டாரு, நீதான் அவரு கேட்டாரு கேட்டாருன்னு பொய் சொல்ற."

அவள் குரல் உயரவில்லை. அதுதான் செவ்வந்திக்குப் பயமாக இருந்தது. பேசாமல் இருந்துவிடலாம். ஆண்களுக்கு அளவு எங்கே தெரிகிறது என்று சுமையா சொன்னதையே சொல்லிவிடலாம். கடிகாரத்தை எடுத்துக் கொடுத்து, இதுவும் அப்பா அனுப்பியதுதான், அவசரத்தில் அளவு மாறிப்போச்சு என்று ஒட்டுப்போடலாம். பீரோவை நோக்கி இரண்டு அடி வைத்தாள். திரும்பி வந்தாள். மறுபடியும் போனாள்.

"என்னத்துக்கும்மா இப்படி நடக்குற?"

செவ்வந்தி ஆணியில் தொங்கிய பையிலிருந்து போனை எடுத்தாள். நெடுமாறனோடு பேசும் பக்கத்தைத் திறந்து மகள் கையில் கொடுத்தாள்.

"மேல தள்ளிப் பாரு."

எழில் தரையில் கொட்டிய அரிசிக்கு நடுவே உட்கார்ந்து விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். கன்றுக்குட்டியோடு அவள். ஓரப்பல் விழுந்த அவள். இரட்டை ஜடையும் கனகாம்பரமுமாக அவள். ஒவ்வொரு படத்துக்கும் மேலே கிழமை, தேதி, எல்லாம் போன மாதம், அதற்கு முந்தின மாதம். ஒவ்வொன்றுக்கும் கீழே அவள் அப்பா. 'இந்தப் பல்லு இன்னும் முளைக்கலையா?' 'நேத்து அனுப்புன போட்டோவ வால்பேப்பரா வச்சிட்டேன்.' 'ஷூ வாங்கணும், கால் அளவு அனுப்பு.' அதற்குச் செவ்வந்தியின் பதில்: 'போட்டோவுல இருக்கற சைஸ்தான், பாத்து வாங்குங்க.' அதற்கு அவன்: 'சரி. கடைக்காரன்கிட்ட போட்டோவக் காட்டியே வாங்கிடுறேன்.'

"நீ போட்டோ எடுக்க விடல. அவரு வாராவாரம் கேட்டாரு. ஒண்ணு அனுப்பினேன். அப்பறம் நிறுத்த முடியல" என்றாள் செவ்வந்தி. "அவரு மறக்கல. நான்தான் உன்னைய அங்கயே நிறுத்தி வச்சிருக்கேன்."

எழில் தலையைத் தூக்கவில்லை. இன்னும் மேலே தள்ளிக்கொண்டு போனாள். ஓரிடத்தில் நின்றாள். அவள் பன்னிரண்டாவது பிறந்தநாள் அன்று அவன் அனுப்பியிருந்த குரல் பதிவு. செவ்வந்தி பலமுறை கேட்டது, மகளிடம் கொடுக்கவே இல்லை. எழில் தொட்டாள். இரைச்சலுக்கு நடுவே நெடுமாறனின் குரல், லீவு ஏன் கிடைக்கவில்லை என்பதைச் சுற்றிச் சுற்றிச் சொல்லிவிட்டு, "கோவமா இருந்தா ரெண்டு திட்டாவது திட்டச் சொல்லு" என்றது.

"இத ஏன் எனக்குக் காட்டல?"

"நீ அப்ப போனக் கையால தொட மாட்டேன்னுட்ட. அப்பறம்..."

"அப்பறம்?"

"அப்பறம் காட்டுனா இந்தப் போட்டோ எல்லாம் பாத்துருவியேன்னு பயந்துட்டேன்."

உலை பொங்கி அடுப்பில் வழிந்தது. செவ்வந்தி எழுந்து தணித்துவிட்டு மறுபடி வந்து உட்கார்ந்தாள். இருவருமாக அரிசியைக் கூட்டி அள்ளினார்கள். எழில், கல் இருக்கிறதா என்று பார்ப்பதுபோல் ஒவ்வொரு கைப்பிடியையும் கிளறிக் கிளறி ட்ரம்மில் போட்டாள். வெளியே மழை விட்டுவிட்டுப் பெய்தது.

"கேக்கு" என்றாள் திடீரென்று.

வாசனை எப்போதோ வந்திருக்க வேண்டும். இப்போது வருவது அதற்கு அடுத்த வாசனை. செவ்வந்தி துணியைச் சுருட்டி மூடியைத் தூக்கினாள். ஒரு மணி நேரத்துக்கு மேல் யாரும் தொடாத கேக் வட்டமாக, நடுவில் மேடாக எழும்பி நின்றது. ஓரங்கள் கறுத்திருந்தன. அடி தீய்ந்திருந்தது.

"மேல நல்லா வந்துருக்கு" என்றாள் எழில். "அடிய வெட்டிடலாம்."

மத்தியானம் இரண்டு பேரும் ரசம் ஊற்றிச் சாப்பிட்டார்கள். செவ்வந்தி கடிகாரத்தைக் கொடுத்தாள். டேப்பைப் பார்த்ததும் எழில், "இதையும் அப்பா அனுப்புனதா சொல்லப்போறியா?" என்று கேட்டாள். "இல்ல, நான் வாங்குனது" என்றாள் செவ்வந்தி. எழில் கட்டிப் பார்த்தாள். நன்றாக இருக்கிறது என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கழற்றவும் இல்லை.

நான்கு மணி ஆகிக்கொண்டிருந்தது. அவன் கூப்பிடும் நேரம். செவ்வந்தி கேக்கை முக்காலியில் வைத்தாள், கூடத்துக்கு நகர்த்தினாள், வெளிச்சம் போதவில்லை என்று வாசல் பக்கம் நகர்த்தினாள்.

"அம்மா, ஒரு எடத்துல உக்காரு."

"பேசுவியா?"

"நீ சொல்லணும். போட்டோ பத்தி. என் முன்னாடி சொல்லணும். சொன்னாத்தான் நான் வருவேன்."

"அவரு கோவப்பட்டா?"

"படட்டும். நான் ஒரு வருஷமா தப்பான ஆளு மேல கோவமா இருந்திருக்கேன்."

போன் அடித்தது. செவ்வந்தி எடுத்தாள். திரையில் நெடுமாறன், சவரம் செய்து, சட்டை மாற்றி, பின்னால் யாரோ காயப்போட்ட லுங்கிகளோடு.

"எங்க என் குட்டி? ஷூ போட்டுப் பாத்துச்சா? சரியா இருக்கா?"

கதவுக்குப் பின்னால், படத்தில் விழாத இடத்தில், எழில் சுவரில் சாய்ந்து அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரியா இல்லங்க."

"ஏன், பெருசா இருக்கா?"

"சின்னதா இருக்கு. ரொம்பச் சின்னதா இருக்கு." அவள் நிறுத்தினால் முடியாது என்று தெரிந்து ஒரே மூச்சில் சொன்னாள். "நான் உங்களுக்கு அனுப்புனது எல்லாம் பழைய போட்டோ. ஒரு வருஷமா. நீங்க போன புதுசுல, அவளுக்கு ஒம்பது, பத்து வயசுல எடுத்தது. அவ எடுக்க விடல, நீங்க கேட்டீங்க, அனுப்பிட்டேன். டியூஷன் போயிருக்கா, தூங்குறான்னு சொன்னதும் அப்படித்தான்."

அவன் முகம் அசையவில்லை. நெட் நின்றுவிட்டதோ என்று செவ்வந்தி போனை ஆட்டினாள். அவன் கண்ணை மூடித் திறந்தான்.

"கொட்டாய் அப்ப பிரிச்சாச்சா?" என்று கேட்டான்.

"அது எப்பவோ பிரிச்சாச்சு."

"நெனைச்சேன்" என்றான். லுங்கிகள் மட்டும் காற்றில் ஆடின.

எழில் கதவிடமிருந்து வந்து அம்மாவின் கையிலிருந்த போனை வாங்கினாள். முகத்தைக் காட்டவில்லை. கேமராவைத் தரைக்குத் திருப்பி, அந்தச் சிவப்பு விளக்கு ஷூக்களுக்குப் பக்கத்தில் தன் இரண்டு காலையும் வைத்தாள்.

"யாரு காலு அது?" என்றது போன்.

"என் காலுதான்."

"பொய் சொல்லாத."

"அப்பா, என் காலுதான்பா." அவள் கட்டைவிரலால் ஷூவை ஓர் இடி இடித்தாள். விளக்கு எரிந்தது.

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. யாரிடமோ, "டேய், அந்த ஃபேன நிறுத்துடா" என்றான். பிறகு, "போனக் கீழ எங்கயாவது சாத்தி வையி. வச்சிட்டு எந்திரிச்சு நில்லு, பாப்போம்" என்றான்.

எழில் போனை முக்காலியில், கேக்கின் மேல் சாய்த்து வைத்தாள். நிமிர்ந்து நின்றாள்.

"இடுப்புதான் தெரியுது. பின்னாடி போ."

அவள் இரண்டு அடி பின்னால் போனாள். கடிகாரம் கட்டிய கையால் நெற்றிப் பருவை மறைத்துக்கொண்டாள். செவ்வந்தி கேக் வெட்டும் கத்தியோடு ஓரமாக நின்றாள். இன்றைக்கு முதல்முறையாக அவளுக்கு எங்கும் போகத் தோன்றவில்லை.

"இன்னும் போ."

"சுவரு இருக்குப்பா."

"அப்ப வாசல் பக்கம் போ. தலை இன்னும் தெரியல."

எழில் பின்பக்கமாகவே நடந்து நிலைப்படியைத் தாண்டி, தகரத்திலிருந்து மழை சொட்டும் முற்றத்தில் போய் நின்றாள்.